கல்லுக்குள் இருக்கும் கருத்த ஏடு: பயோடைட்

சமையல் மேடையில் பதித்திருக்கும் கல் சாம்பல் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ உள்ள கிரானைட்டாக இருந்தால், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெளிறிய பரப்பில் எள் தெளித்த மாதிரி கருப்புப் புள்ளிகள் தெரியும். டார்ச்சை மெல்ல நகர்த்தினால் அவற்றில் சில மட்டும் கண்ணாடிச் சில்லு போலப் பளிச்சென்று மின்னி அணையும். அப்படி மின்னுவது பெரும்பாலும் பயோடைட். கருப்பு மைக்கா, கரு அப்பிரகம் என்றும் சொல்வார்கள்.

மைக்கா வகை எல்லாவற்றுக்குமே தமிழில் காக்காப்பொன் என்று ஒரு பெயர் உண்டு. கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் பொன் நிறமாக மின்னும் துணுக்குகளைப் பொறுக்கித் தீப்பெட்டியில் சேர்த்து வைக்காத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. அந்தப் பொன் நிறத் துணுக்குகளில் பல, வெயிலும் மழையும் பட்டு நிறம் மாறிய பயோடைட்தான். கருப்பாக இருந்தது இரும்பு துருப்பிடித்து வெண்கல நிறமாகி, அப்புறம் பொன்னிறமாகிவிடுகிறது. ஜெர்மன்காரர்கள் இதையே பூனைத்தங்கம் என்கிறார்கள். அங்கே பூனை, இங்கே காக்கா.

சந்தையில் பயோடைட்டுக்குப் பெரிய மதிப்பு இல்லை. வெள்ளை மைக்காவான மஸ்கோவைட்டுக்காக ஜார்கண்டின் கோடர்மாவிலும் ஆந்திராவின் கூடூரிலும் சுரங்கங்கள் தோண்டினார்கள். பயோடைட்டுக்காக அப்படி யாரும் தோண்டவில்லை. ஆனால் ஒரு பாறை எவ்வளவு சூட்டைப் பார்த்தது, எப்போது ஆறியது, அதில் தண்ணீர் இருந்ததா என்றெல்லாம் கேட்டால் முதலில் பதில் சொல்வது இந்தக் கருத்த ஏடுதான். காரணம், சுற்றுப்புறம் மாறினால் இது சும்மா இருக்காது. இரும்பை வாங்கும், மக்னீசியத்தைக் கொடுக்கும், தண்ணீரை விடும், பொட்டாசியத்தை இழக்கும். மாறிக்கொண்டே இருப்பதால்தான் இதை வைத்துப் பாறையின் கதையைப் படிக்க முடிகிறது.

ஒரு துணுக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம். நகத்தால் கீறினால் லேசாகக் கோடு விழும், கடினம் 2.5-லிருந்து 3-க்குள்தான். ஓரத்தில் குண்டூசி முனையைச் செருகி நெம்பினால் மெல்லிய ஏடு ஒன்று உரிந்து வரும். அதை வளைத்தால் வளையும்; விட்டால் படக்கென்று பழையபடி நிமிர்ந்துகொள்ளும். இந்த நிமிர்வுதான் மைக்காவின் அடையாளம். குளோரைட் என்ற பச்சைக் கனிமமும் ஏடு ஏடாக உரியும், ஆனால் வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். உரித்த ஏட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், கருப்பு என்று நினைத்தது உண்மையில் அடர்ந்த பழுப்பு என்று தெரியும். சிலது கரும்பச்சையாக இருக்கும்.

அந்த ஏட்டை மறுபடி உரிக்கலாம், மறுபடியும் உரிக்கலாம். எதுவரை? ஓர் அடுக்கின் கனம் சுமார் 1 நானோமீட்டர். அதாவது 1 மில்லிமீட்டர் கனமுள்ள துணுக்கில் சுமார் 10 லட்சம் அடுக்குகள். அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1930-ல் மைக்காவின் உள்ளமைப்பை விளக்கியபோது இந்த அடுக்குக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. ஒவ்வோர் அடுக்கும் மூன்று தட்டுகள் சேர்ந்தது. மேலும் கீழும் சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனும் பின்னிய இரண்டு வலைகள், நடுவில் இரும்பும் மக்னீசியமும் நிறைந்த ஒரு தட்டு. இந்த மூன்றுக்கும் உள்ளே பிணைப்பு பலமானது. ஆனால் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையில் பிடித்துக்கொண்டிருப்பது பொட்டாசிய அணுக்கள் மட்டும்தான். அந்தப் பிடி தளர்வானது. குண்டூசி நுழைவது அந்த இடத்தில்தான்.

வெள்ளை மைக்காவிலும் இதே அமைப்புதான். வித்தியாசம் நடுத்தட்டில் இருக்கிறது. மஸ்கோவைட்டில் அங்கே அலுமினியம். மூன்று இடத்துக்கு இரண்டு இடம்தான் நிரம்பியிருக்கும். பயோடைட்டில் மூன்றும் நிரம்பியிருக்கும், இரும்பாலும் மக்னீசியத்தாலும். கருப்பு நிறத்துக்குக் காரணம் இரும்பு. டைட்டேனியமும் கலந்தால் செம்பழுப்பு. இரும்பு குறைந்து மக்னீசியம் மிகுந்தால் தேன் நிறமுள்ள ஃபுளோகோபைட் ஆகிவிடும். பழைய இஸ்திரிப் பெட்டியைக் கழற்றினால் கம்பிச்சுருளோடு மைக்காத் தகடு இருக்குமே, அந்த வேலைக்கு மஸ்கோவைட்டும் ஃபுளோகோபைட்டும்தான் பயன்படுகின்றன. பயோடைட்டை அங்கே வைக்க முடியாது. இரும்பு இருப்பதால் மின்சாரத்தை அந்த அளவுக்குத் தடுக்காது. சூடேற்றினால் இரும்பு மாறி, ஏடு பொடிந்துபோகும். (மேசையிலும் அலமாரியிலும் ஒட்டும் சன்மைக்காவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர சம்பந்தம் இல்லை. அது காகிதமும் பிசினும்.)

பெயர் வந்த கதை சின்னதுதான். ஜான் பாப்டிஸ்ட் பியோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், 1804-ல் கே-லுசாக்கோடு பலூனில் ஏறி வளிமண்டலத்தை அளந்தவர். 1816-ல் மைக்காவுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்று ஆராய்ந்தார். அந்த மரியாதைக்கு ஜெர்மன் கனிமவியலாளர் ஹவுஸ்மன் 1847-ல் அவர் பெயரை இதற்கு வைத்தார். 1998-ல் உலகக் கனிமவியல் சங்கம் கணக்கைத் திருத்தியது. பயோடைட் என்பது தனிக் கனிமம் அல்ல, மக்னீசியம் நிறைந்த ஃபுளோகோபைட்டுக்கும் இரும்பு நிறைந்த அன்னைட்டுக்கும் இடையிலுள்ள ஒரு தொடரின் பொதுப்பெயர் என்று முடிவானது. ஆனால் கள ஆய்வில் கையில் சுத்தியலோடு நிற்பவர்கள் இன்றும் பயோடைட் என்றுதான் சொல்கிறார்கள். அது சரியும்கூட, இரும்பு எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இது எப்படி உருவாகிறது என்பதற்கு இரண்டு வழி. முதல் வழி பாறைக்குழம்பு. பூமிக்கடியில் குழம்பு ஆறும்போது கனிமங்கள் ஒரே நேரத்தில் உறைவதில்லை. இருண்ட கனிமங்களில் முதலில் ஆலிவின், அடுத்து பைராக்சீன், அடுத்து ஆம்ஃபிபோல், கடைசியில் பயோடைட். நார்மன் போவன் 1922-ல் வகுத்த வரிசை இது. பயோடைட் ஏன் கடைசியில்? அதற்குத் தண்ணீர் வேண்டும், பொட்டாசியம் வேண்டும். முன்னால் உறைந்த கனிமங்களுக்கு இந்த இரண்டும் தேவைப்படாததால், மிச்சக் குழம்பில் இரண்டும் சேர்ந்துகொண்டே வரும். போதுமான அளவு சேர்ந்ததும் பயோடைட் உறையும். கிரானைட்டில் இது சாதாரணமாகக் கிடைப்பதும், பசால்ட் எரிமலைக் குழம்பில் அரிதாக இருப்பதும் இதனால்தான். நார்வேயின் ஐவ்லாந்தில் இப்படி நிதானமாக வளர்ந்த ஏடுகள் சுமார் 7 சதுர மீட்டர் பரப்பு இருந்தன. ஒரு சின்ன அறையின் தரை அளவு!

இரண்டாவது வழி களிமண். கடலடியில் படிந்த களிமண் பாறை மலையாக்கத்தில் சிக்கிக் கீழே புதைந்து சூடேறும்போது, முதலில் குளோரைட்டும் வெள்ளை மைக்காவும் வளரும். சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் அவை ஒன்றோடொன்று வினைபுரிந்து பயோடைட் பிறக்கும். இன்னும் சூடேறினால் கார்னெட் என்ற சிவந்த கனிமம் வரும். ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஜார்ஜ் பேரோ 1893-ல் தொடங்கி, பின்னால் வந்தவர்கள் நிறைவு செய்த வரைபடத்தில், பயோடைட் முதன்முதலில் தலைகாட்டும் கோடு ஓர் எல்லைக்கோடாகவே வரையப்பட்டது. பாறைகளில் எது எவ்வளவு சூடு கண்டது என்பதைத் தரையில் நடந்தே சொல்ல முடியும் என்று காட்டிய வேலை அது.

அழுத்தத்தில் வளரும்போது ஏடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். இப்படிச் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய நைஸ் என்ற பாறையில் கருப்பும் வெள்ளையுமாக ஓடும் வரிகளில், கருப்பு வரி பெரும்பாலும் இப்படிப் படுத்த பயோடைட்தான். கல் உடைப்பவர்களுக்கு இந்த வரி நன்றாகத் தெரியும். கல்லின் வாட்டம் பார்த்து அந்த வரியோடு உளி வைத்தால் பட்டியக்கல் சீராகப் பிளந்து வரும். குறுக்கே வைத்தால் கோணலாக உடையும். பாரடைசோ என்ற பெயரில் ஏற்றுமதியாகும் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லில் சுழிசுழியாக ஓடும் இருண்ட கோடுகளிலும் இது உண்டு. ஆனால் பாலிஷ் போடுகிறவருக்கு இதே பயோடைட் தொல்லை. பக்கத்திலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியாக வழுவழுக்கும்போது, இது ஏடு ஏடாகப் பெயர்ந்து குட்டிக் குழிகளை விட்டுவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, பயோடைட் காணாமல் போகும் கதை. அது நம் ஊரில்தான் நடந்திருக்கிறது.

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலத்துக்கு வரும்போது சாலையோரப் பாறைகளைக் கவனித்தால், வடக்கே சாம்பலும் கருப்புமாக வரியோடிய நைஸ் பாறை. தெற்கே வரவர எண்ணெய் தடவியது போன்ற பளபளப்போடு பச்சை கலந்த இருண்ட பாறை. சேர்வராயன் மலையும் நீலகிரியும் இந்த இருண்ட பாறையால் ஆனவை. சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரமும் அதுதான். இதற்குப் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையில் செதுக்கப்பட்டது. தாமஸ் ஹாலந்து அதை ஆராய்ந்து 1893-ல் இந்தப் பெயரை வைத்தார். கல் கல்கத்தாவில் இருந்தாலும் பிறந்த இடம் சென்னைப் பக்கம் என்பதையும் அவர்தான் காட்டினார்.

வடக்கே உள்ள நைஸில் பயோடைட் உண்டு. தெற்கே உள்ள சார்னோக்கைட்டில் அதன் இடத்தை பைராக்சீனின் ஒரு வகையான ஆர்த்தோபைராக்சீன் பிடித்துக்கொண்டது. நடந்தது இதுதான்: சூடு 750, 800 டிகிரியைத் தொடும்போது பயோடைட்டும் குவார்ட்ஸும் சேர்ந்து ஆர்த்தோபைராக்சீனாகவும் பொட்டாசிய ஃபெல்ஸ்பாராகவும் மாறும், தண்ணீர் வெளியேறும். இரும்பும் மக்னீசியமும் பைராக்சீனுக்குப் போயின, பொட்டாசியம் ஃபெல்ஸ்பாருக்குப் போனது. தண்ணீர் போய்விட்டது. ஒரு காலத்தில் பூமிக்குள் 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த அடிமேலோடு இன்று மலையாக நிற்கிறது என்பதற்கு, பயோடைட் இல்லாமல் போனதே சாட்சி.

இது வெறும் ஊகம் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கும்படி ஓர் இடம் கர்நாடகத்தில் இருக்கிறது. கப்பால்துர்கா. அங்குள்ள கல் குவாரியில் சாம்பல் நிற நைஸுக்கு நடுவே திட்டுத்திட்டாகவும் நரம்பு நரம்பாகவும் இருண்ட சார்னோக்கைட் பரவியிருக்கும். நைஸில் ஓடி வரும் பயோடைட் வரியைக் கண்ணால் பின்தொடர்ந்தால், அந்த இருண்ட திட்டின் ஓரத்தில் வரி மங்கி, உள்ளே கலைந்து போகும். பிச்சமுத்து என்ற நிலவியலாளர் 1960-ல் இதை உலகுக்குச் சொன்னார்: சார்னோக்கைட் உருவாகிக்கொண்டிருந்த கணத்தில் உறைந்து நின்ற பாறை இது என்று. ஒரே கல்லில் ஒரு பக்கம் பயோடைட், அரை அடி தள்ளி பைராக்சீன். சூடு இரண்டுக்கும் ஒன்றுதானே, பிறகு ஏன் ஒரு பக்கம் மட்டும் மாறியது? விரிசல்கள் வழியாக ஏறி வந்த கார்பன் டை ஆக்சைடு அங்கிருந்த தண்ணீரின் பங்கைக் குறைத்துவிட்டது என்பது பலர் ஏற்கும் விளக்கம். கேரளத்தின் பொன்முடியிலும் இப்படிப்பட்ட திட்டுகள் உண்டு. தென்னிந்தியப் பாறைகளைப் பற்றிப் பேசும்போது கோயில் சிற்பங்களோடு நிறுத்திவிடுகிறோம். இந்த அரை அடி எல்லையையும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

சரி, பயோடைட் இருக்கும் பாறைகளில் அது என்ன சொல்கிறது? கார்னெட்டும் பயோடைட்டும் ஒட்டி வளர்ந்திருந்தால், இரண்டும் தங்களுக்குள் இரும்பையும் மக்னீசியத்தையும் பகிர்ந்துகொள்ளும். பகிர்வு விகிதம் சூட்டைப் பொறுத்தது. சூடு ஏற ஏற கார்னெட்டுக்கு மக்னீசியம் கூடுதலாகப் போகும். ஃபெர்ரி, ஸ்பியர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1978-ல் சோதனைச்சாலையில் இந்த விகிதத்தை அளந்து வெளியிட்டபின், பல கோடி ஆண்டு பழைய பாறையின் வெப்பநிலையைக் கணக்கிடும் வெப்பமானியாக இந்த ஜோடி ஆனது.

காலமும் இதற்குள் இருக்கிறது. பொட்டாசிய அணுக்களில் சுமார் 10,000-க்கு ஒன்று பொட்டாசியம்-40. 125 கோடி ஆண்டில் அதில் பாதி சிதையும். சிதைவதில் 11 சதவீதம்போல ஆர்கான் வாயுவாகும். பயோடைட் சூடாக இருக்கும்வரை அந்த வாயு அடுக்குகளின் வழியே நழுவிப் போய்விடும். சுமார் 300 டிகிரிக்குக் கீழே ஆறியதும் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். சிக்கிய ஆர்கானை அளந்தால், அந்தப் பாறை 300 டிகிரியைத் தாண்டிக் குளிர்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியும். பாறை பிறந்த நாள் வேறு, பயோடைட் காட்டும் நாள் வேறு. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பாறையின் வயது என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது தவறு.

எரிமலைச் சாம்பலில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அது வெடித்தவுடனே ஆறிவிடும். சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த சாம்பல் ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் கனமான படிவாகக் கிடக்கிறது; அதற்கு மேலும் கீழும் மனிதர்கள் செய்த கல்லாயுதங்கள். அந்தச் சாம்பல் டோபாவின் எந்த வெடிப்பைச் சேர்ந்தது என்று உறுதிசெய்ய ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தியவற்றில் ஒன்று, சாம்பலோடு பறந்து வந்த பயோடைட் துணுக்குகள். அவற்றின் வேதிச் சேர்க்கை வெடிப்புக்கு வெடிப்பு மாறுவதால், கைரேகை போல ஒப்பிட முடிந்தது.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது பயோடைட்டுக்கென்று ஓர் அழகு உண்டு. பாறையைத் தலைமுடியை விட மெல்லியதாகச் சீவி, முனைவாக்கிய ஒளியில் வைத்துச் சுழற்றினால், வைக்கோல் நிறமாக இருந்த ஏடு அடர்பழுப்பாகும், மறுபடி வைக்கோல் நிறத்துக்குத் திரும்பும். அதற்குள் ஆங்காங்கே கருத்த வட்டங்கள் தெரியும், நடுவில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு சிர்க்கான் போன்ற வேறொரு கனிமத்தின் மணி. அதிலுள்ள யுரேனியமும் தோரியமும் வீசிய ஆல்ஃபா துகள்கள் சுற்றிலும் பயோடைட்டைச் சிதைத்து உண்டாக்கிய தழும்புதான் வட்டம். அகலம் ஏறக்குறைய தலைமுடி கனம்தான். ஐரிஷ் அறிஞர் ஜான் ஜோலி 1907-ல் இதன் காரணத்தைக் கண்டுசொன்னார். 1913-ல் ரூதர்ஃபோர்டும் அவரும் சேர்ந்து இந்த வட்டங்களின் கருமையைக் கொண்டு பாறையின் வயதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். பூமியின் வயது நூறு கோடி ஆண்டுகளைத் தாண்டும் என்று உலகம் நம்பத் தயங்கிய காலம் அது.

இப்போது கிணற்று மண்மேட்டுக்குத் திரும்புவோம். வெளியே தலைகாட்டிய பயோடைட் நெடுநாள் தாங்காது. கனிமங்கள் வெளியில் சிதையும் வேகத்தை 1938-ல் வரிசைப்படுத்திய கோல்டிச், பயோடைட்டை மஸ்கோவைட்டுக்கு முன்னால் வைத்தார். இரண்டும் ஒரே அமைப்பு, ஏன் இப்படி? அடுக்குக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பயோடைட்டில் நேராகப் பொட்டாசியத்தைப் பார்த்து நிற்கிறது, அதைத் தள்ளுகிறது. மஸ்கோவைட்டிலோ நடுத்தட்டில் காலியிடம் இருப்பதால் அந்தப் பக்கம் சாய்ந்துகொள்கிறது. ஓர் அணுவின் சாய்வுதான் வித்தியாசம். தண்ணீர் நுழைந்ததும் பயோடைட்டின் பொட்டாசியம் எளிதாகக் கழன்று வரும், அந்த இடத்தில் தண்ணீர் உட்காரும், ஏடு உப்பும். உப்பிய ஏடு பக்கத்து மணிகளை நெம்பித் தள்ளும். கிணறு தோண்டும்போது மண்ணுக்கும் கடும்பாறைக்கும் நடுவில் கடப்பாரைக்கே உதிர்ந்து கொடுக்கும் சுக்காம்பாறை அப்படிப்பட்ட இடங்களில் உண்டாகிறது. கழன்ற இரும்பு துருவாகி மண்ணைச் சிவக்கவைக்கும்.

பொட்டாசியம் போய் தண்ணீர் உட்கார்ந்த அந்த நிலைக்குத் தனிப் பெயர் வெர்மிகுலைட். ஒரு துணுக்கை இரும்புச் சட்டியில் போட்டு நன்றாகச் சூடாக்கினால், அடுக்குகளுக்கு நடுவிலுள்ள தண்ணீர் ஆவியாகி ஏடுகளைத் தள்ளும். துணுக்கு புழு நெளிவது போல நீண்டுகொண்டே போகும். சீட்டுக்கட்டு அளவு கனம் ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரிந்துவிடும். பாதரசத்தையும் தாதுக்களையும் மருந்தாக்கச் சொல்லித்தரும் பழைய ரச நூல்கள் கரு அப்பிரகத்தை நெருப்பில் இட்டு நான்காகப் பிரித்தன: ஏடுகள் பிரிந்தால் பினாகம், பாம்பு போலச் சீறினால் நாகம், தவளை போலக் குதித்தால் மண்டூகம், எந்த மாற்றமும் இல்லாமல் கிடந்தால் வச்சிரம். மருந்துக்கு எடுக்க வேண்டியது வச்சிரம் மட்டும். தண்ணீர் ஏறிச் சிதைந்த சரக்கை ஒதுக்கிவிட்டு, சிதையாத பயோடைட்டைத் தேர்ந்தெடுக்கும் சோதனை இது என்று கனிமவியல் கண்ணோடு பார்த்தால் தோன்றுகிறது. செந்தூரம் முடிந்ததா என்று பார்க்க, துளியும் மினுக்கம் இருக்கக்கூடாது என்றும் விதித்தார்கள். ஏட்டமைப்பு குலைந்தால்தான் மினுக்கம் போகும்.

திருப்பத்தூருக்கு அருகிலுள்ள சேவாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெர்மிகுலைட் எடுக்கிறது. சூட்டில் விரித்த சரக்கு காற்றை அடக்கிவைத்துக்கொள்வதால் உலைகளுக்கும் குளிர்சாதன அறைகளுக்கும் வெப்பம் தடுக்கப் போகிறது. நாற்றங்காலில் தேங்காய் நாரோடு கலந்து விதை முளைக்கவைக்கவும் பயன்படுகிறது. ஆக பயோடைட்டுக்குச் சந்தை இல்லை என்று முன்னால் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். சிதைந்தபின் அதற்கு விலை உண்டு. சிதையாத பயோடைட்டைப் பொடியாக்கிப் பெயின்ட்டிலும் ரப்பரிலும் நிரப்பியாகச் சேர்ப்பது உண்டு, அவ்வளவுதான். கொத்தனார்களோ மினுக்கும் மணலைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள், நியாயமாகத்தான். தட்டையான மைக்கா தண்ணீரை இழுக்கும், சிமென்ட்டோடு ஒட்டாது, பூச்சு வலுவிழக்கும்.

கழன்ற பொட்டாசியம் எங்கே போகிறது? பயோடைட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு பொட்டாசிய ஆக்சைடு. நைஸ் பாறை சிதைந்த செம்மண்ணில் மிச்சமிருக்கும் பயோடைட் துணுக்குகள் அதை வருஷம் வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். வேர்களோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூஞ்சைகளின் இழைகள் அந்தத் துணுக்குகள் மேல் படர்ந்து, அமிலத்தைக் கசியவிட்டு, அடுக்குகளின் ஓரத்திலிருந்து பொட்டாசியத்தை உறிஞ்சி மரத்துக்குக் கடத்துகின்றன. சோதனைச்சாலையில் பயோடைட் துணுக்கின் மேல் இந்தப் பூஞ்சையை வளரவிட்டுப் பார்த்தபோது, இழை தொட்ட இடத்துக்கு நேர் கீழே மட்டும் பொட்டாசியம் குறைந்திருந்தது. குண்டூசி நுழைந்த அதே இடைவெளியில் இப்போது வேர் கைவைத்திருக்கிறது.